ஐபிவி6 எக்ஸ்டென்ஷன் ஹெட்டர் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பது

ஐபிவி6 பாக்கெட்டின் முதல் 40 பைட்டில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. அந்த 40 பைட்டுக்கும் டிசிபி அல்லது யுடிபி தொடங்கும் இடத்துக்கும் நடுவே உட்கார்ந்து கூடுதல் தகவல் சுமக்கும் எக்ஸ்டென்ஷன் ஹெட்டர்கள்தான் தலைவலி. சின்னப் பதில் வருகிறது, பெரிய பதில் வரவில்லை. மல்டிகாஸ்ட் (ஒரே பாக்கெட்டை ஒரு குழுவுக்கு அனுப்புவது) கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது. லேபில் ஓடியது வெளியே போனதும் காணவில்லை. இப்படி வரும் புகார்கள் பலவும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

எந்தப் புகாரையும் முதலில் இரண்டு கேள்விகளால் பிரித்துக்கொள்ளுங்கள். ஹெட்டரின் நீளத்தை யாராவது தப்பாகக் கணக்கிட்டார்களா? இல்லை, வழியில் ஒரு கருவி படிக்கத் தெரியாமலோ படிக்க மனமில்லாமலோ பாக்கெட்டைக் கீழே போட்டதா? முதலாவதைச் சரிசெய்வது நிரல் எழுதுபவரின் வேலை, இரண்டாவது நெட்வொர்க்கை நடத்துபவரின் வேலை. இரண்டையும் கலந்து தேடினால் நாள்தான் போகும்.

முதலில் நீளக் கணக்கு

2012 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 6564 (ஆர்எஃப்சி என்பது இணையத் தரநிலை ஆவணம்), இனி உருவாக்கப்படும் எக்ஸ்டென்ஷன் ஹெட்டர் எதுவானாலும் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும் என்று விதித்தது. முதல் பைட்டில் நெக்ஸ்ட் ஹெட்டர் எண் (அடுத்து வருவது எது என்று சொல்லும் எண்), இரண்டாம் பைட்டில் நீளம், அதன்பின் அந்த ஹெட்டருக்கே உரிய தரவு. 2017 ஜூலையில் வந்த ஆர்எஃப்சி 8200 இதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. நீள பைட்டில் உள்ள எண்ணோடு 1 கூட்டி 8-ஆல் பெருக்கினால் ஹெட்டரின் முழு நீளம் பைட்டில் கிடைக்கும். 0 என்றால் 8 பைட், 255 என்றால் 2048 பைட். வழியிலுள்ள கணுக்களுக்கான ஹாப்-பை-ஹாப் (எண் 0), ரூட்டிங் (43), டெஸ்டினேஷன் ஆப்ஷன்ஸ் (60), மொபிலிட்டி (135), எச்ஐபி (139), ஷிம்6 (140) ஆகிய எல்லாம் இந்தக் கணக்குக்குள் வரும்.

ஆனால் அந்த விதி புதியவற்றுக்குத்தான். அதற்கு முன்பே பிறந்த மூன்று ஹெட்டர்கள் இந்த அச்சில் அடங்காது. பார்சர் (ஹெட்டர்களைப் படித்துப் பிரிக்கும் நிரல்) கோளாறுகளில் பெரும்பங்கு இந்த மூன்றிலிருந்தே வருகிறது.

துண்டு ஹெட்டர், அதாவது ஃப்ராக்மென்ட் (44), எப்போதும் 8 பைட். அதன் இரண்டாம் பைட் நீளம் அல்ல, ஒதுக்கி வைக்கப்பட்ட இடம். அனுப்புபவர் அதில் 0 போட வேண்டும் என்பதால் பொதுக் கணக்குப் போட்டாலும் வழக்கமாக 8 வந்துவிடும். அதனாலேயே இந்தத் தவறு சோதனையில் சிக்காது. பெறுபவர் அந்த பைட்டைப் பொருட்படுத்தக் கூடாது. யாராவது அதில் 5 என்று போட்டு அனுப்பினால், பெறும் கணினி 8 பைட் தாண்டிப் படிக்கும், உங்கள் ஃபயர்வால் 48 பைட் தாண்டிப் படிக்கும். இருவரும் வேறு வேறு பாக்கெட்டைப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். ஊடுருவ நினைப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஏஎச் எனப்படும், பாக்கெட் வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் ஆதென்டிகேஷன் ஹெட்டர் (51) நீளத்தை 4 பைட் அலகில், 2 கழித்துச் சொல்கிறது. எனவே எண்ணோடு 2 கூட்டி 4-ஆல் பெருக்க வேண்டும்.

பாக்கெட்டைக் குறியாக்கம் செய்யும் ஈஎஸ்பி (50) தன் நெக்ஸ்ட் ஹெட்டர் எண்ணைப் பாக்கெட்டின் வாலில், குறியாக்கத்துக்குள் வைத்திருக்கிறது. முதல் 4 பைட்டும் எஸ்பிஐ எண், அதாவது எந்தப் பாதுகாப்பு இணைப்பு என்று காட்டும் அடையாளம். சாவி இல்லாத எவரும் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். "அடுத்து எதுவும் இல்லை" என்னும் எண் 59 கண்டாலும் நிறுத்த வேண்டும்; அதற்குப் பின்னால் பைட்டுகள் இருந்தாலும் அவற்றைப் பொருட்படுத்தக் கூடாது.

பழகிக்கொள்ள ஒரு நிஜ உதாரணம். எம்எல்டி (மல்டிகாஸ்ட் குழுக்களில் யார் இருக்கிறார் என்று அறியும் ப்ரோட்டோகால்) பாக்கெட்டில் 40 பைட்டுக்குப் பின் வரும் 8 பைட்டுகள், பதின்ம எண்களில்: 58 0 5 2 0 0 1 0. அடுத்தது, பிழை மற்றும் கட்டுப்பாட்டுச் செய்திகளைச் சுமக்கும் ஐசிஎம்பிவி6 (58). நீளம் 0, ஆகவே மொத்தம் 8 பைட். ஆப்ஷன் வகை 5 ரூட்டர் அலர்ட், அதன் தரவு 2 பைட், மதிப்பு 0, அதாவது எம்எல்டி. கடைசி 1 0 என்பது 8-இன் மடங்காக்கப் போட்ட பேட்என் நிரப்பு.

பாக்கெட்டைப் பிடிக்கும்போதே ஏமாறாமல் இருக்க

பாக்கெட் பிடிக்கும் கருவியான டிசிபிடம்ப்பில் போர்ட் எண்ணை வைத்து வடிகட்டினால் எக்ஸ்டென்ஷன் ஹெட்டர் உள்ள பாக்கெட்டுகள் பிடிபடாது. அந்த வடிகட்டி ஹெட்டர் சங்கிலியை நடந்து பார்ப்பதில்லை. "பாக்கெட்டே வரவில்லை" என்று முடிவு கட்டிவிட்டு வேறெங்கோ தேடப் போவீர்கள். முகவரியை மட்டும் வைத்துப் பிடியுங்கள். போர்ட்டைப் பிறகு வயர்ஷார்க்கில் பார்க்கலாம்.

அனுப்பும் முனை, பெறும் முனை இரண்டிலும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். ஒரு பக்கப் பிடிப்பை வைத்துக்கொண்டு இந்த வகைக் கோளாறில் எதையும் நிரூபிக்க முடியாது. லினக்ஸ் பெறுநரில் என்ஸ்டாட் கட்டளை காட்டும் ஐபிவி6 கவுன்ட்டர்களில் துண்டுசேர்ப்புத் தோல்வி, துண்டுசேர்ப்புக் காலாவதி, ஹெட்டர் பிழை, அறியாத ப்ரோட்டோகால் ஆகிய நான்கையும் சோதனைக்கு முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பதிவேட்டில் போர்ட் எண்கள் குப்பையாக இருக்கின்றன

குப்பை எப்படிப்பட்ட குப்பை என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

செல்லுமிட போர்ட் எப்போதும் 0, மூல போர்ட் பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறுகிறது என்றால் ஏஎச் நீளத்தைப் பாருங்கள். 12 பைட் சரிபார்ப்பு மதிப்புள்ள ஏஎச்சின் முழு நீளம் 24 பைட். நீளப் புலத்தில் 4 இருக்கும். பொதுக் கணக்குப் போட்ட பார்சர் அதை 40 பைட் என்று எடுத்துக்கொண்டு 16 பைட் தள்ளிப் போகிறது. டிசிபி ஹெட்டரின் 16-ஆம் பைட்டில் இருப்பது செக்சம், அடுத்து இருப்பது அர்ஜென்ட் பாய்ன்ட்டர். செக்சம் மூல போர்ட்டாகவும், பெரும்பாலும் 0-ஆக இருக்கும் பாய்ன்ட்டர் செல்லுமிட போர்ட்டாகவும் வேஷம் கட்டி வருகின்றன.

16 பைட் சரிபார்ப்பு மதிப்பு வரும் எச்மேக்-ஷா-256-128 என்றால் 28 பைட்டை 8-இன் மடங்குக்கு ஏற்றி 32 ஆக்குவார்கள். நீளப் புலம் 6. தவறான கணக்கில் 56, அதாவது 24 பைட் தள்ளல். டைம்ஸ்டாம்ப் ஆப்ஷன் வழக்கமான இடத்தில் இருந்தால் நீங்கள் போர்ட் என்று பார்ப்பது அதன் மதிப்பின் இரு பாதிகள். மூல போர்ட் ஏறக்குறைய அசையாமல் நிற்கும், செல்லுமிட போர்ட் ஏறிக்கொண்டே போகும்.

எந்த ஒழுங்கும் இல்லாத குப்பை என்றால் முதலாவதல்லாத துண்டுகளை நீங்கள் முழுப் பாக்கெட்டாகப் படித்திருக்கலாம். இரண்டாம் துண்டில் டிசிபி ஹெட்டரே கிடையாது. துண்டு ஹெட்டரின் மூன்றாம், நான்காம் பைட்டுகளைச் சேர்த்து 16 பிட்டாக எடுங்கள். மேல் 13 பிட் இடப்பெயர்ச்சி, கீழ் பிட் "இன்னும் இருக்கிறது" என்ற கொடி, நடுவில் 2 பிட் ஒதுக்கம். இடப்பெயர்ச்சி 8 பைட் அலகில் இருப்பதால், கீழ் 3 பிட்டை அழித்துவிட்டாலே பைட் கணக்கில் விடை வந்துவிடும். மூன்று பிட் நகர்த்தி, பிறகு 8-ஆல் பெருக்க மறந்தவர்கள் நிறைய. இடப்பெயர்ச்சி 0 இல்லை என்றால் போர்ட்டைத் தேடாதீர்கள்.

ஹெட்டருக்குள் ஆப்ஷன்களைப் படிக்கும்போது தடம் புரண்டால் பேட்1 மீது சந்தேகப்படுங்கள். ஆப்ஷன்கள் எல்லாம் வகை, நீளம், தரவு என்ற வரிசையில் வரும். பேட்1 மட்டும் 0 என்ற ஒற்றை பைட், நீளப் புலம் இல்லை. அதைத் தனியாகக் கவனிக்காத நிரல், அடுத்த ஆப்ஷனின் வகையை நீளமாக எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: ஃபயர்வால் விதி பொருந்தவே இல்லை, கவுன்ட்டர் 0-விலேயே நிற்கிறது

லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில் இதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். "ஐபி6 நெக்ஸ்ட்ஹெடர்" என்ற பொருத்தம் 40 பைட் ஹெட்டரின் 6-ஆம் பைட்டை மட்டும் பார்க்கிறது. டிசிபிக்கு முன்னால் ஒரு டெஸ்டினேஷன் ஆப்ஷன்ஸ் வந்துவிட்டால் அங்கே 60 இருக்கும், 6 இருக்காது. "மெட்டா எல்4ப்ரோட்டோ" சங்கிலியை நடந்து கடைசி ப்ரோட்டோகாலைச் சொல்லும். விதியை அதற்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, துண்டுகளைப் பிடிக்க எழுதிய விதி. கனெக்ஷன் டிராக்கிங் (இணைப்புகளை நினைவில் வைக்கும் வசதி) இயங்கும் கணினியில் முன்னுரிமை -400-இலேயே (எண் சிறியதானால் முன்னதாக ஓடும்) துண்டுகள் சேர்க்கப்பட்டுவிடும். அதற்குப் பின்னால் வரும் விதிக்குத் துண்டு என்ற ஒன்று கண்ணிலேயே படாது. எண்ணிப் பார்க்க வேண்டும் என்றால் விதிச் சங்கிலியின் முன்னுரிமையை -450-இல் வையுங்கள்.

அறிகுறி: பாக்கெட் போய்ச் சேர்கிறது, செக்சம் தவறு என்று பெறுநர் எறிகிறார்

அனுப்பும் முனையில் பிடித்ததை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். நெட்வொர்க் கார்டே செக்சம் போடும் கணினிகளில் அங்கே அது எப்போதும் தவறாகத்தான் தெரியும். பெறும் முனையிலும் தவறு என்றால் சூடோ ஹெட்டரை (செக்சம் கணக்கிட மட்டும் சேர்க்கும் கற்பனை ஹெட்டர்) திறந்து மூன்று இடங்களைப் பாருங்கள்.

நீளம்: பேலோட் நீளத்தை அப்படியே எடுத்துப் போட்டிருப்பார்கள். 8 பைட் ஹாப்-பை-ஹாப், அதன்பின் 100 பைட் யுடிபி என்றால் பேலோட் நீளம் 108. சூடோ ஹெட்டரில் போக வேண்டியது 100. எண்: 40 பைட் ஹெட்டரில் உள்ள 0 அல்ல, யுடிபிக்கு உரிய 17. முகவரி: ரூட்டிங் ஹெட்டர் இருந்தால் அந்த நொடியில் செல்லுமிடப் புலத்தில் உள்ள முகவரியை அல்ல, கடைசிச் செல்லுமிடத்தைப் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஹெட்டர் இல்லாதபோது இந்த மூன்றும் தற்செயலாகச் சரியாகிவிடும் என்பதால்தான் தவறு இவ்வளவு நாள் ஒளிந்திருந்தது.

அறிகுறி: சின்னப் பதில் வருகிறது, பெரிய பதில் வருவதில்லை

டிஎன்எஸ்செக் (கையொப்பமிட்ட டிஎன்எஸ்) பதில்களில் இதை முதலில் பார்ப்பீர்கள். இங்கே இரண்டு நோய்கள் ஒரே முகத்தோடு வரும்: துண்டுகள் விழுகின்றன, அல்லது "பாக்கெட் பெரிது" என்னும் ஐசிஎம்பிவி6 வகை 2 செய்தி திரும்பி வரவில்லை. டிசிபியில் பெரிய கோப்பு ஒன்றை இறக்கிப் பாருங்கள். அதுவும் தொங்கினால் வகை 2 தடுக்கப்பட்டிருக்கிறது. டிசிபி நன்றாக ஓடி யுடிபி மட்டும் தொங்கினால் துண்டுகள்தான்.

உறுதிப்படுத்த, எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 உள்ள இணைப்பில் பிங் தரவை 1452 பைட்டாக வையுங்கள். 40 ஐபிவி6, 8 ஐசிஎம்பி சேர்ந்து சரியாக 1500. துண்டாகாமல் போக வேண்டும். பிறகு 2000 வையுங்கள். மொத்தம் 2008 பைட் தரவு. ஒரு துண்டில் 1500-இல் 48 போக 1452 இடம் இருந்தாலும், கடைசித் துண்டைத் தவிர மற்றவை 8-இன் மடங்காக இருக்க வேண்டும் என்பதால் முதல் துண்டு 1448 பைட் சுமக்கும், இரண்டாவது 560. பிடிப்பில் 1496, 608 என்ற இரு பாக்கெட்டுகளைப் பார்க்க வேண்டும். பெறும் முனையில் எது வந்தது, எது வரவில்லை என்பதே அடுத்த தடயம்.

1496 வந்து 608 வரவில்லை: போர்ட்டை வைத்து அனுமதிக்கும் பழைய வகை வடிகட்டி ஒன்று, இரண்டாம் துண்டில் போர்ட் காணாமல் எறிந்திருக்கிறது. இந்த நிலையில் பெறுநர் 60 விநாடி காத்திருந்து, வகை 3 கோட் 1 என்ற "சேர்ப்பு நேரம் முடிந்தது" செய்தியை அனுப்புவார். அந்தச் செய்தி முதல் துண்டு வந்திருந்தால்தான் எழும். ஆகவே எதிர்முனையில் நுழைய உங்களுக்கு அனுமதி இல்லாவிட்டாலும் அது ஒரு சாட்சி. இரண்டுமே வரவில்லை, 60 விநாடி கழித்தும் அமைதி: 44-ஐ மொத்தமாகத் தடுத்திருக்கிறார்கள், அல்லது அந்த ஐசிஎம்பியையும் சேர்த்துத் தடுத்திருக்கிறார்கள்.

இரண்டும் வந்தும் சேரவில்லை என்றால் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றனவா என்று பாருங்கள். 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5722-க்குப் பிறகு மேலேறும் துண்டுகள் கொண்ட பாக்கெட் முழுவதும் சத்தமில்லாமல் எறியப்பட வேண்டும். சொந்தமாகத் துண்டாக்கும் நிரல்களில் இடப்பெயர்ச்சி ஒரு அலகு தவறினாலே இது நடக்கும்.

தீர்வு, நம் கையில் உள்ளதிலிருந்து தொடங்கட்டும். டிஎன்எஸ் சர்வரின் ஈடிஎன்எஸ் அளவை (யுடிபி பதிலின் உச்ச அளவை) 1232-ஆக வையுங்கள்: ஐபிவி6 எங்கும் தாங்க வேண்டிய குறைந்தபட்சம் 1280, அதில் 40-உம் 8-உம் போனால் 1232. 2020-இன் டிஎன்எஸ் ஃபிளாக் டே பரிந்துரைத்ததும் இதே எண். கூடவே டிசிபி 53 திறந்திருக்க வேண்டும். அதை மூடிவிட்டு 1232 வைத்தால் நோயாளி இன்னும் மோசமாவார். வகை 2-ஐ எங்கும் தடுக்காதீர்கள்.

அறிகுறி: ஐசிஎம்பிவி6 வகை 4 திரும்பி வருகிறது

இது கோளாறு அல்ல, கொடை. "பாராமீட்டர் ப்ராப்ளம்" என்னும் இந்தச் செய்தி எந்த பைட் பிடிக்கவில்லை என்பதைச் சுட்டெண்ணில் சொல்லிவிடுகிறது. எண்ணிக்கை மூலப் பாக்கெட்டின் 0-ஆம் பைட்டிலிருந்து.

கோட் 1, நெக்ஸ்ட் ஹெட்டர் எண் தெரியவில்லை. சுட்டெண் 6 என்றால் 40 பைட் ஹெட்டரிலேயே உள்ள எண். 40 என்றால் முதல் எக்ஸ்டென்ஷன் ஹெட்டரில் உள்ள எண். ஹாப்-பை-ஹாப் ஹெட்டரை முதலிடத்தில் வைக்காமல் நடுவில் வைத்தாலும் இதே கோட் 1 வரும், ஏனென்றால் 0 என்ற எண் 40 பைட் ஹெட்டரில் மட்டுமே செல்லும். தெரிந்த ஹெட்டரையே "தெரியவில்லை" என்கிறதே என்று விழிப்பவர்கள் இந்த வரிசையைப் பார்ப்பதில்லை.

கோட் 2, ஆப்ஷன் தெரியவில்லை. ஆப்ஷன் வகை எண்ணின் மேல் இரண்டு பிட், தெரியாதவர் என்ன செய்ய வேண்டும் என்று கட்டளையிடுகிறது. 0 முதல் 63 வரை தாண்டிப் போகலாம். 64 முதல் 127 வரை சத்தமில்லாமல் எறிய வேண்டும். 128 முதல் 191 வரை எறிந்து செய்தி அனுப்ப வேண்டும். 192 முதல் 255 வரை எறிந்து, செல்லுமிடம் மல்டிகாஸ்ட்டாக இல்லாவிட்டால் மட்டும் செய்தி. சோதனைக்காக 94 என்ற எண்ணை எடுத்துவிட்டு "எதிர்முனை ஒன்றுமே சொல்லவில்லை" என்று புலம்புவதில் பயனில்லை. சத்தமில்லாமல் எறியச் சொன்னது நீங்கள்தான். சோதனைக்கென ஒதுக்கியவற்றில் 30 பாதுகாப்பானது, தெரியாதவர் தாண்டிப் போவார்.

கோட் 0-வும் சுட்டெண் 4-உம் வந்தால், கடைசியல்லாத துண்டு ஒன்றின் நீளம் 8-இன் மடங்காக இல்லை. கோட் 3, முதல் துண்டிலேயே முழுச் சங்கிலியும் அடங்கவில்லை. 5 முதல் 10 வரையிலான கோட்கள் ஆர்எஃப்சி 8883 சேர்த்தவை: ஹெட்டர் பெரிது, சங்கிலி நீளம், ஹெட்டர்கள் அதிகம், ஆப்ஷன்கள் அதிகம் என்று வழியிலுள்ள கருவி தன் வரம்பைச் சொல்கிறது. இவற்றை அனுப்பும் கருவி கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலானவை பேசாமல் எறிந்துவிடும்.

லினக்ஸ் பெறுநரிலும் வரம்பு உண்டு. ஒரு ஆப்ஷன் ஹெட்டரில் நிரப்புகள் நீங்கலாக இயல்பாக 8 ஆப்ஷன்கள்தான் ஏற்கும். தொடர்ந்து 7 பைட்டுக்கு மேல் நிரப்பு வந்தாலோ, பேட்என்னுக்குள் 0 அல்லாத பைட் இருந்தாலோ எறிந்துவிடும். நினைவகத்தைத் துடைக்காமல் நிரப்பை விட்டுவிடும் நிரல்களை இது பிடித்துக்கொடுக்கும்.

அறிகுறி: கொஞ்ச நேரம் ஓடி, நாலரை நிமிடத்துக்குள் அண்டைக் கணினி காணாமல் போகிறது

யாரோ ஒருவர் "ஹாப்-பை-ஹாப் ஆபத்து" என்று படித்துவிட்டு உள் நெட்வொர்க்கிலேயே எண் 0-ஐ மொத்தமாகத் தடுத்திருப்பார். எம்எல்டி செய்திகள் எல்லாம் அந்த ஹெட்டரோடுதான் வரும். எம்எல்டி ஸ்னூப்பிங் போட்ட ஸ்விட்ச், யார் எந்த மல்டிகாஸ்ட் குழுவில் இருக்கிறார் என்பதை இவற்றைப் பார்த்தே கற்கிறது. அண்டை முகவரி தேடலும் மல்டிகாஸ்ட்டில்தான் போகிறது.

மேல் இணைப்பு போர்ட்டில் தடுத்திருந்தால், கணினி குழுவில் சேரும்போது அனுப்பும் அறிக்கை ஸ்விட்ச்சுக்குக் கிடைத்துவிடும்; எல்லாம் ஓடும். ஆனால் ரூட்டர் 125 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் வினவல் கணினியை எட்டாது. அது மறு அறிக்கை தராது. 260 விநாடியில் உறுப்பினர் பதிவு காலாவதியாகும். அணுகல் போர்ட்டில் தடுத்திருந்தால் இந்தக் காத்திருப்புகூட இல்லை, தொடக்கத்திலேயே ஓடாது. கணினியில் ஐசிஎம்பிவி6 வகை 130 வருகிறதா என்று மூன்று நிமிடம் பிடித்துப் பாருங்கள். வரவில்லை என்றால் தடுப்பு காரணமா, வினவ ஆளே இல்லையா என்பதை ரூட்டர் பக்கம் பிடித்துப் பிரித்துவிடலாம்.

மூல முகவரி லிங்க்-லோக்கலாகவும் ஹாப் லிமிட் (எத்தனை தாவல் போகலாம் என்ற வரம்பு) 1-ஆகவும் உள்ள எண் 0 பாக்கெட்டுகளை அனுமதியுங்கள். தடுத்தே ஆக வேண்டும் என்றால் நெட்வொர்க்கின் வெளி எல்லையில் தடுங்கள்.

அறிகுறி: ரூட்டரின் சிபியு ஏறுகிறது, டிராஃபிக் ஏறவில்லை

1998-இன் ஆர்எஃப்சி 2460, வழியிலுள்ள ஒவ்வொரு கணுவும் ஹாப்-பை-ஹாப்பைப் படிக்க வேண்டும் என்றது. சிப்பால் முடியாததை சிபியுவுக்கு அனுப்பியே ரூட்டர்கள் அதை நிறைவேற்றின. ஆர்எஃப்சி 8200 "அமைப்பில் கேட்டிருந்தால் மட்டும்" என்று தளர்த்தியது. 2024-இன் ஆர்எஃப்சி 9673 இன்னும் தெளிவாக்கியது. உங்கள் ரூட்டரில் "படிக்காமல் அனுப்பு" என்ற அமைப்பு இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் சிபியுவுக்குப் போகும் வழியில் அளவு வரம்பு போடுங்கள், எம்எல்டிக்குத் தனி ஒதுக்கீட்டோடு.

அறிகுறி: ஆர்ஏ-கார்ட் போட்டும் போலி ரூட்டர் அறிவிப்பு நுழைகிறது

ஆர்ஏ-கார்ட் என்பது போலி ரூட்டர் அறிவிப்புகளை ஸ்விட்ச்சிலேயே தடுக்கும் வசதி. ஸ்விட்ச் 6-ஆம் பைட்டில் 58-ஐத் தேடுகிறது. அனுப்புபவர் முன்னால் ஒரு டெஸ்டினேஷன் ஆப்ஷன்ஸை வைத்துவிட்டால் அங்கே 60 இருக்கும், அறிவிப்பு நழுவிப் போகும். அல்லது பெரிய ஹெட்டரை வைத்துத் துண்டாக்கி, ரூட்டர் அறிவிப்பான வகை 134-ஐ இரண்டாம் துண்டுக்குத் தள்ளிவிடுவார். 2014-இன் ஆர்எஃப்சி 7112 முதல் துண்டில் முழுச் சங்கிலி இருந்தே ஆக வேண்டும் என்று சொன்னது இதற்காகவே. அதற்கு முந்தைய ஆண்டின் ஆர்எஃப்சி 6980 அண்டைத் தேடல் செய்திகளைத் துண்டாக்குவதையே தடைசெய்தது.

ஸ்விட்ச்சின் மென்பொருள் ஆர்ஏ-கார்ட்டுக்கான ஆர்எஃப்சி 7113-ஐப் பின்பற்றுகிறதா என்று பாருங்கள். மேலடுக்கு எது என்று கண்டறிய முடியாத முதல் துண்டை எறியும் விதி இருந்தால் பயனர் போர்ட்களில் போடுங்கள். துண்டான அண்டைத் தேடல் செய்திகளை லினக்ஸ் இயல்பாகவே எறிகிறது. யாரும் அதை அணைத்து வைக்கவில்லை என்று உறுதி செய்தால் போதும்.

அறிகுறி: எஸ்ஆர்வி6 பாதையில் பெரிய பாக்கெட்டுகள் விழுகின்றன, அல்லது பாதையே தலைகீழாகப் போகிறது

எஸ்ஆர்வி6 என்பது ஐபிவி6-இன் செக்மென்ட் ரூட்டிங்: பாக்கெட் கடக்க வேண்டிய இடங்களை (செக்மென்ட்களை) ஹெட்டரிலேயே எழுதி வைப்பது. செக்மென்ட் ரூட்டிங் ஹெட்டரில், டிஎல்வி (கூடுதல் தரவுப் புலம்) இல்லாதபோது, ஒரு செக்மென்ட்டுக்கு நீளப் புலம் 2 கூடும். மூன்று செக்மென்ட் என்றால் 6, அதாவது 56 பைட். வெளி ஐபிவி6 ஹெட்டர் 40 சேர்ந்தால் சுமை 96. 1500 எம்டியுவில் உள்ளே 1404-தான் மிச்சம். நடு இணைப்புகளின் எம்டியுவை ஏற்றுவதே நேர்வழி. கடைசி உறுப்பு எண் புலம் 0-விலிருந்து எண்ணுவது, மூன்றுக்கு 2 இருக்க வேண்டும். பட்டியல் கடைசிச் செக்மென்ட்டிலிருந்து தொடங்கும். போகும் வரிசையில் எழுதியிருந்தால் பாதை தலைகீழாகும்.

பாதையில் ஒரு ஃபயர்வால் 43-ஐ முழுவதும் தடுத்திருந்தால், 2007-இல் வகை 0 ரூட்டிங் ஹெட்டர் கைவிடப்பட்டபோது எழுதிய விதி இன்னும் அங்கேயே கிடக்கிறது என்று கொள்ளுங்கள். தடுக்க வேண்டியது வகை 0 மட்டும். மொபைல் ஐபிவி6-க்கு வகை 2-உம், செக்மென்ட் ரூட்டிங்கிற்கு வகை 4-உம் வேண்டும்.

அறிகுறி: லேபில் ஓடுகிறது, இணையத்தில் காணாமல் போகிறது

2016-இன் ஆர்எஃப்சி 7872 பொது இணையத்தில் இதை அளந்தது. வெப் சர்வர்களை நோக்கி அனுப்பியதில், 8 பைட் ஹாப்-பை-ஹாப் வைத்தவை சுமார் 40 சதவீதச் செல்லுமிடங்களையும், துண்டுகள் சுமார் 30 சதவீதத்தையும், 8 பைட் டெஸ்டினேஷன் ஆப்ஷன்ஸ் சுமார் 11 சதவீதத்தையும் எட்டவில்லை. ஆகவே உங்கள் பாக்கெட் விழுவது புதிர் அல்ல, எங்கே விழுகிறது என்பதே கேள்வி.

ஒரே செல்லுமிடம், ஒரே போர்ட், ஒரே ஃப்ளோ லேபிள் (ஒரே ஓட்டத்தின் பாக்கெட்டுகளுக்கு இடும் குறி) வைத்து, ஹாப் லிமிட்டை 1, 2, 3 என்று ஏற்றி இரண்டு முறை ஓட்டுங்கள்: ஒருமுறை ஹெட்டர் இல்லாமல், ஒருமுறை ஹெட்டரோடு. எஸ்ஐ6 டூல்கிட்டில் பாத்6 இதற்கென்றே இருக்கிறது, ஸ்கேப்பியிலும் எழுதலாம். முதலாவதில் 9 பதில்கள், இரண்டாவதில் 5 என்றால் பிரச்சினை ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில். ஐந்தாவது வெளியே விடவில்லையா, ஆறாவது உள்ளே விடவில்லையா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. இருவருக்கும் எழுதுங்கள், ஒருவர்மீது மட்டும் பழி போட்டு எழுதாதீர்கள்.

நீங்களே புதிய ஹெட்டர் வடிவமைக்கிறீர்கள், அது ஆர்எஃப்சி 6564 வடிவத்தில் துல்லியமாக இருக்கிறது, ஆனாலும் விழுகிறது என்றால் காரணம் இதுதான்: நெக்ஸ்ட் ஹெட்டர் எண்களில் எக்ஸ்டென்ஷன் ஹெட்டரும் மேலடுக்கு ப்ரோட்டோகாலும் ஒரே எண்வரிசையைப் பங்கிடுகின்றன. சோதனைக்கான எண் 253-ஐப் பார்க்கும் ஃபயர்வாலுக்கு, அது தாண்டிப் போக வேண்டிய ஹெட்டரா, புதிய ப்ரோட்டோகாலா என்று அறிய வழியில்லை. பொது வடிவம் நீளத்தைச் சொல்லும், ஆனால் அந்த வடிவத்தில்தான் இருக்கிறது என்று நம்பியாக வேண்டுமே. ஆர்எஃப்சி 7045 இதற்காகத்தான் இணைய எண்களைப் பதிவுசெய்யும் ஐயானாவிடம் எக்ஸ்டென்ஷன் ஹெட்டர் எண்களுக்குத் தனிப் பட்டியல் வைக்கச் சொன்னது. பட்டியலில் இல்லாத எண் விழும்.

எனவே புதிய ஹெட்டரைக் கைவிட்டு, அதே தரவை டெஸ்டினேஷன் ஆப்ஷன்ஸுக்குள் ஓர் ஆப்ஷனாக வையுங்கள். ஆர்எஃப்சி 6564-உம் அதையே முதல் தெரிவாகச் சொல்கிறது. ஹெட்டரின் மொத்த நீளத்தை 8 அல்லது 16 பைட்டுக்குள் முடியுங்கள், ஏனென்றால் சிப் படிக்கும் எல்லைக்குள் போர்ட் எண் விழுந்தால்தான் பல ரூட்டர்கள் அதை விடும். அதுவும் போகாத பாதைகளில் தரவை யுடிபிக்குள் ஏற்றுவதைத் தவிர இன்றைக்கு வேறு வழி இல்லை. ஆப்ஷனோடு அனுப்பிய முதல் சில பாக்கெட்டுகளுக்குப் பதில் வராவிட்டால் ஆப்ஷன் இல்லாமல் மீண்டும் அனுப்பும் ஏற்பாட்டை நிரலில் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.